திரைக்குள்ளே ஒரு வகுப்பு

சகோதரிகளே, "படிக்கிறேன்" என்று பிள்ளை சொல்கிறது. எட்டிப் பார்த்தால் திரையில் பொம்மைகள் ஓடுகின்றன. இது படிப்பா, விளையாட்டா? இந்தக் குழப்பம் இன்று பல வீடுகளில் இருக்கிறது.

விஷயம் இதுதான். கணினிக்குள் தெரு, வீடு, மலை எல்லாம் உள்ள ஓர் உலகம். அதில் நமக்குப் பதிலாக ஒரு பொம்மை உருவம் நடமாடும். அதை 'அவதார்' என்கிறார்கள். 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் நடந்த கல்யாணத்தைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். வரவேற்பை இப்படி ஓர் உலகத்தில் வைத்தார்கள். விருந்தினர் அவரவர் வீட்டிலிருந்தபடியே பொம்மை உருவில் வந்தார்கள். மணப்பெண்ணின் காலஞ்சென்ற தகப்பனார்கூட அப்படி ஓர் உருவில் வந்து நின்றார்! இதே முறையில் ஆசிரியரும் மாணவர்களும் கூடினால் அது வகுப்பு.

எங்கள் காட்டாங்குளத்தூரில் எதிர்வீட்டுப் பெண் ஒரு நாள் பதறிக்கொண்டு வந்தாள். "அக்கா, எட்டாவது படிக்கிறவ, ப்ராஜெக்ட்னு சொல்லி ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் ஒரே சிரிப்பும் கூச்சலும். லேப்டாப்பைப் பூட்டி வைக்கப் போறேன்."

"பூட்டறதை எப்ப வேணாலும் பூட்டலாம். முதல்ல என்னன்னு பார்ப்போம், வா" என்றேன்.

பார்த்தோம். 'மைன்கிராஃப்ட்' என்று, செங்கல் அடுக்குவதுபோல் கட்டைகளை அடுக்கிக் கட்டும் உலகம். கூடுவாஞ்சேரியில் ஒருத்தி, மறைமலை நகரில் ஒருத்தி, இங்கே இரண்டு பேர். ரயில் நிலையத்திலிருந்து பள்ளிக்குப் பயமில்லாமல் நடந்துவர ஒரு பாதை அமைப்பதுதான் பள்ளியில் கொடுத்த வேலை.

"பெரியம்மா, ஒரு கட்டைன்னா ஒரு மீட்டர் கணக்கு. சனிக்கிழமை டேப் வச்சு ரோட்டை அளந்தோம்" என்றாள் சிறுமி. விளக்கு எங்கே வேண்டும், ஜி.எஸ்.டி. சாலையை எங்கே கடப்பது என்று நால்வரும் வாதாடினார்கள். கணக்கு, வரைபடம், விட்டுக்கொடுத்துப் பேசுவது எல்லாமே அதில் இருந்தது.

ஐ.நா.வின் மனிதக் குடியிருப்பு அமைப்பு 2012 முதலே இதே மைன்கிராஃப்ட்டை வைத்து ஊர்ப் பொது இடங்களை மக்களையே வடிவமைக்கச் சொல்கிறது. வியட்நாமில் ஹனோய் அருகே பள்ளி மாணவிகள் தங்கள் தெருக்களைப் பெண்கள் பயமின்றி நடக்க ஏற்றபடி இதில் கட்டிக் காட்டினார்கள்.

ஆனால் பேச்சுவாக்கில் சிறுமி இன்னொன்றும் சொன்னாள். வேறொரு விளையாட்டில் முன்பின் தெரியாத ஒருவர், "எந்த ஸ்கூல்? தனியா இருக்கியா?" என்று கேட்டாராம். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஏண்டி, என்கிட்ட சொல்லலே?"

"சொன்னா லேப்டாப்பைப் பிடுங்கிடுவியேம்மா!"

கவனியுங்கள், சகோதரிகளே. பூட்டு அந்த ஆளைத் தடுக்கவில்லை. குழந்தையின் வாயைத்தான் அடைத்தது. "எது நடந்தாலும் சொல்லு, உன்னைத் திட்ட மாட்டேன்" என்ற வாக்குறுதியை முதலில் கொடுங்கள். கொடுத்தால் காப்பாற்றுங்கள்.

பிறகு இவற்றைச் செய்யலாம்.

கணினி கூடத்தில் இருக்கட்டும், அறைக்குள் வேண்டாம். என்ன வேலை, யார் யாரோடு, எத்தனை மணிக்கு முடியும் என்று உட்காரும் முன்பே கேளுங்கள்.

மைன்கிராஃப்ட்டில் பள்ளிகளுக்கென்றே ஒரு பதிப்பு 2016 முதல் உண்டு. பள்ளிக் கணக்கு வழியாக அதில் நுழையலாம். அது கிடைக்குமா என்று ஆசிரியரிடம் விசாரியுங்கள். மற்ற விளையாட்டுகளில், தெரிந்த தோழிகளோடு மட்டும் பேசும்படி அமைத்துவிடுங்கள். சொந்தப் பெயர், பள்ளி, தெரு, புகைப்படம் எதையும் கொடுக்கக் கூடாது.

20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள், கண்ணுக்கு ஓய்வு. தலையில் மாட்டும் கண்ணாடிக் கருவி சிறு குழந்தைகளுக்கு வேண்டாம். பெரியவர்களுக்கே சிலருக்கு மலைப்பாதை பஸ்ஸில் போவதுபோல் குமட்டும்.

யாராவது தொல்லை கொடுத்தால், அழிக்காமல் திரையைப் படம் எடுத்து வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம்.

இன்று சாயங்காலமே பத்து நிமிஷம் ஒதுக்கி, "எனக்கும் காட்டேன்" என்று பிள்ளை பக்கத்தில் உட்காருங்கள். நமக்குத் தெரியாததை நமக்குச் சொல்லிக்கொடுப்பதென்றால் அவர்களுக்குத்தான் எத்தனை உற்சாகம்!