தேரும் முட்டுக்கட்டையும்

கார்த்திகைத் தீபப் பெருவிழாவின் ஏழாம் நாளன்று திருவண்ணாமலை மாட வீதிகளில் ஐந்து தேர்கள் வலம் வருதலை நம் கலாசாலை அன்பர்களுள் அறியாதார் அரியர். விநாயகர் தேர் முற்செல்ல, ஏனையவை ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். அம்மன் தேரின் வடம் பெண்டிர்க்கே உரியது. தேர் ஓடியது கண்டு மகிழ்வோர் பலர். அஃது எவ்வாறு நிற்கின்றது என்று எண்ணுவோரோ சிலர். வடத்தினும் முட்டுக்கட்டையே பெரிதென்பது என் கருத்து.

தேருக்குத் திருப்புங் கருவி கிடையாது. அச்சு நேரே பொருத்தப்பட்டமையால் உருளைகள் நேர்வழியே ஓட வல்லன. வீதி மூலையில் ஒரு புறத்து உருளையின்கீழ்ச் சரிவான கட்டையை இட்டுத் தேரின் முகத்தைத் திருப்புவர். நெடுங்காலமாகத் தேரை நிறுத்தி வந்ததும் அக்கட்டையே. அதனை இடுவோர் உருளையருகே குனிந்தவாறே ஓடுபவர். கட்டையை வைத்துக் கையை வாங்குதற்கு அவர்க்குள்ள காலம் ஓரிரு நொடியே.

ஈண்டு ஒரு சிறு கணக்கு. பெரிய தேரின் எடை 200 டன் என்பர். அது நொடிக்கு அரை மீட்டர் ஊர்வதாகக் கொள்வோம். நாம் உலாவும் நடையினும் இது மெல்லியது. அப்பொழுது அதன் இயக்க ஆற்றல் 25,000 ஜூல். ஒரு டன் எடையுள்ள மோட்டார் வண்டி மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுங்கால் பெறும் ஆற்றலும் ஏறக்குறைய அதுவே. ஓடும் மோட்டாரின்முன் எவரும் நில்லார். தேரின்முன் ஆயிரவர் நிற்கின்றோம்! அன்றியும், நிற்கும் தேரை அசைத்தற்கு வேண்டும் விசை, அசைந்தபின் அதனை ஓட்டுதற்கு வேண்டுவதினும் மிகுதி. ஆதலின் கூட்டம் முழுவலியோடும் இழுக்க, தேர் திடீரெனக் குலுங்கிப் பாய்கின்றது. மேற்கே மலையடி நோக்கி நிலம் உயர்தலின், இவ்வூரில் ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. ஏற்றத்தில் உழைத்த கைகள் இறக்கத்தில் ஓயவேண்டும். ஆரவாரமோ அவற்றை ஓயவிடுவதில்லை.

மேனாட்டு உழவரிடையே டிராக்டர் இழுவைப் பந்தயம் என்றொரு விளையாட்டு உண்டு. செல்லச் செல்லப் பளு கூடும் இழுவண்டியை யார் டிராக்டர் நெடுந்தூரம் இழுக்கும் என்பது போட்டி. டிராக்டருக்கும் இழுவண்டிக்கும் இடையே ஒரு சிறு கம்பி இணைத்திருப்பர். பிணைப்பு அறுந்து டிராக்டர் பாயுமாயின், அக்கம்பி இழுபட்டு இயந்திரம் தானே நின்றுவிடும். நம் வடத்திற்கு அத்தகைய கம்பி ஏது? ஆயிரங் கைகளை ஒரு கணத்தில் ஓயச்செய்யும் பொறியை யாவர் கண்டார்?

2022 ஜூன் 13ஆம் நாள் தருமபுரி மாவட்டத்து மாதேஅள்ளியில் தேரின் அச்சு முறிந்து இருவர் இறந்தனர். அதே ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேரின் உச்சி உயர்மின்னழுத்தக் கம்பியில் பட்டுச் சிறார் உட்பட 11 பேர் மாண்டனர். ஊழ்வினை என்று பேசி அமைவார் உளர். அச்சின் பழுதும் கம்பியின் உயரமும் விழாவுக்கு முன்னரே ஆராய்ந்தறியத் தக்கன அல்லவோ?

திருவாரூர் ஆழித்தேர்க்குத் திருச்சி பெல் தொழிற்சாலையார் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்துத் தந்தனர். திருவண்ணாமலைப் பெரிய தேரும் செப்பனிடப்பெற்று 2024 நவம்பரில் வெள்ளோட்டம் கண்டது. இவை போற்றத்தக்கன. ஆயினும் பிரேக்கு அழுத்தப்படும்போதே முன்னிற்போர் இழுத்துக்கொண்டிருப்பின் பயன் என்னை? விசில் ஊதினாற் போதும் என்பர் சிலர். பறையும் முழக்கமும் கலந்த அவ்வோசையில் விசில் யார் செவிக்கு எட்டும்?

கண்ணுக்குத் தெரியும் குறியே வேண்டும். தேரின் முகப்பில் உயரமான இடத்தில் ஒரு செங்கொடி. வடத்தின் பத்து முழத்திற்கு ஒருவராகத் தொண்டர். கொடி எழுந்தவுடன் வடம் தரையில் விழவேண்டும். இத்தொண்டிற்கு நம் மாணவர் முன்வருவாராக. வெள்ளோட்ட நாளிலேயே பழகிக்கொள்வாராக. கொடி எழுவது மட்டும் மேடைமீது நிற்கும் பெரியோர் சொல்லுக்கு அன்று, முட்டுக்கட்டை இடுவோருள் மூத்தவர் சொல்லுக்கே ஆதல் வேண்டும்.