எல்லாப் பருவத்துக்கும் ஒரே டயரா?

தாராபுரத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது கனடாவின் ஸ்கார்பரோவில் வாழும் நம் மைத்துனர் அண்மையில் ஒரு வழக்கோடு தொலைபேசியில் அழைத்தார். புதிதாக எஸ்யூவி ஒன்று வாங்கியிருக்கிறார். குளிர் தொடங்குமுன் அதற்கெனப் பனிக்கால டயர்கள் நான்கு தனியே வாங்கியாக வேண்டும் என்கிறார் அவர் மனைவி. மூன்று வயதுக் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு நாள்தோறும் அந்த வண்டியில் வேலைக்குச் செல்பவர் அவர்தான். மைத்துனரின் கட்சி வேறு.

"ஏனுங் மாமா, வண்டியோட வந்த டயரே எல்லா சீசனுக்கும் ஆகும்னு சொல்றாங்க. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேற. அப்புறம் எதுக்குங்க இந்தத் தண்டச் செலவு?"

தமிழ் கற்பிக்கும் நம்மிடம் இவ்வழக்கு வந்தது உறவுமுறையால் மட்டுமே. ஆயினும் சில நாள் தவணை கேட்டு, படிக்க வேண்டியவற்றைப் படித்தபின் அவர் மனைவியின் பக்கமே தீர்ப்புச் சொன்னோம். அயல்நாட்டில் உறவினர் இல்லாத வீடு கொங்கு நாட்டில் அருகி வருவதால் அதன் காரணங்களை இங்கே எழுதுகிறோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'எல்லாப் பருவ' டயரைப் பரவலாக்கியது அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் 1977இல் கொண்டுவந்த 'தியெம்போ'. இந்த ஸ்பானியச் சொல் காலத்தையும் குறிக்கும், வானிலையையும் குறிக்கும். நம் 'பொழுது' என்ற சொல்லை நினைவூட்டும் பெயர். ஆனால் எந்த நிலத்தின் பொழுது? நிலமும் பொழுதும் சேர்ந்தே முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்தது. நிலத்தைச் சொல்லாமல் 'எல்லாப் பருவம்' என்பது பாதிச் செய்திதான்.

நம் பெரும்பொழுது ஆறில் முன்பனி, பின்பனி என இரண்டு பனிப்பருவங்கள் உண்டு. அமராவதிக் கரையில் வளர்ந்தவருக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. டொராண்டோவில் அதே சொல்லால் நாம் குறிப்பது, சாலையில் விழுந்து, வண்டிகளால் மிதிபட்டு, இறுகிக் கண்ணாடியாகும் ஒன்றை. அங்கே சனவரி மாதச் சராசரி வெப்பநிலையே உறைநிலைக்குக் கீழே. மைத்துனரின் கணக்குப் பிழைத்தது இந்தச் சொல்லில்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

டயரின் பிடிமானம் ரப்பரின் நெகிழ்ச்சியைப் பொறுத்தது. குளிரக் குளிர ரப்பர் இறுகும்; இறுகிய ரப்பர் சாலையைப் பற்றாது வழுக்கும். ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே பனிக்கால டயரே ஏற்றது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. பனிக்கால டயரின் கலவை கடுங்குளிரிலும் நெகிழ்வாக இருக்கும். அதன் மேற்பரப்பில் கீறியிருக்கும் நுண்ணிய பிளவுகள் பனியைக் கவ்வும். பின்லாந்தில் 1934இலேயே சரக்கு வண்டிகளுக்காக இவ்வகை டயரைச் செய்துவிட்டார்கள். அந்த நிறுவனமே இன்றைய நோக்கியன்.

நான்கு சக்கரமும் இழுக்கும் என்ற வாதமும் நிற்காது. அந்த வசதி வண்டியைக் கிளப்பும்; நிறுத்தாது. பிரேக் பிடிக்கும்போது எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரங்கள்தான். எஸ்யூவியின் எடையோ நிறுத்துவதை இன்னும் கடினமாக்குகிறது. எளிதாகக் கிளம்பிவிடும் வண்டி தரும் துணிச்சல், திருப்பத்தில் கைவிடும்.

டயரின் பக்கச்சுவரில் 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது. அது பள்ளங்களின் அமைப்பைக் குறிப்பது. மூன்று சிகரம் கொண்ட மலையும் அதனுள் பனித்துகளும் பொறித்த முத்திரையே பனித்தரைச் சோதனையில் தேறியதற்குச் சான்று. கியூபெக் மாகாணம் இந்த முத்திரையை வலியுறுத்துகிறது. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். மைத்துனர் வாழும் ஒன்டாரியோவில் பொதுவாக அக்கட்டாயம் இல்லை. ஆனால் 2016 முதல், பனிக்கால டயர் பூட்டியவர்க்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணச் சலுகை தர வேண்டும் என்பது அங்கே விதி.

தண்டச் செலவு என்பதற்கும் விடை உண்டு. ஒரு தொகுதி ஓடும்போது மற்றது ஓய்வெடுக்கிறது. இரண்டும் கூடுதல் ஆண்டுகள் உழைக்கும். வெயிலில் பனிக்கால டயர் விரைந்து தேயும் என்பதால் வசந்தத்தில் கழற்றிவிட வேண்டும். மாற்றி மாற்றிப் பூட்ட இடமும் பொழுதும் இல்லாதவர்க்கு, அம்முத்திரை பெற்ற 'எல்லா வானிலை' டயர் என்ற மூன்றாவது வகை உண்டு. அது 'எல்லாப் பருவ' டயரிலிருந்து வேறுபட்டது. எதை வாங்கினாலும் நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். இரண்டை மட்டும் மாற்றுவது வண்டியின் ஒரு பாதிக்கு மட்டும் பிடிமானம் தருவதாகும்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட மைத்துனர் கடைசியில் ஒன்று கேட்டார். "சரீங்க மாமா, வாங்கிப் போட்டர்றேன். உங்க வண்டி டயரு எந்த வருசத்துதுங்க?"

நமக்குத் தெரியவில்லை. வாசலுக்குப் போய்க் குனிந்து பார்த்தோம். பக்கச்சுவரில் நான்கு எண்கள்: முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. கல்லூரிக்கும் கடைவீதிக்கும் மட்டும் ஓடிய வண்டியாதலால் பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. ஆனால் டயருக்கு வயது பத்தைத் தாண்டியிருந்தது. சுவரில் நுண்ணிய வெடிப்புகள். ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்தாண்டோடு கழித்துவிட வேண்டும் என்பது டயர் நிறுவனங்கள் பல கூறும் அறிவுரை.

நம் நிலத்தில் டயருக்குப் பகை வெயில். மார்கழி விடியலிலும் இங்கே 7 டிகிரிக்கு அருகில்கூட இறங்குவதில்லை. சித்திரையிலோ தார்ச்சாலை அனலாய்க் கொதிக்கும். காற்றுக் குறைந்த டயர் ஓடும்போது நெளிந்து நெளிந்து மேலும் சூடேறி வெடிக்கிறது. ஆதலால் இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று: வண்டி ஓடுவதற்கு முன் அளந்த காற்றழுத்தம், டயரின் வயது, ஐப்பசி மழைக்குமுன் பள்ளத்தின் ஆழம். தோற்றத்துக்காகக் கரடுமுரடான காட்டுப்பாதை டயரைப் பூட்டித் தார்ச்சாலையில் மட்டுமே ஓட்டுவோர் இரைச்சலையும் எரிபொருள் செலவையும் விலைக்கு வாங்குகிறார்கள்.

நம் வண்டிக்குப் புது டயர் நான்கும் மறுநாளே போட்டாயிற்று. ஸ்கார்பரோ வண்டிக்கு நவம்பர் பிறக்குமுன் போட்டுவிடுவதாக வாக்குக் கிடைத்திருக்கிறது. அந்த வாக்கை அவர் மனைவியிடமும் சொல்லிவைத்திருக்கிறோம்.