யானைக்கு ஈடாக ஒரு முனிவர்

படத்துக்கும் எடை உண்டு. கையால் தூக்கிப் பார்க்கிற எடை அல்ல. கண்ணால் நிறுத்துப் பார்க்கிற எடை.

வாசலில் போடும் கோலத்தைப் பாருங்கள். இந்தப் பக்கம் ஒரு தாமரை என்றால், அந்தப் பக்கமும் ஒரு தாமரை. இரண்டு தட்டிலும் ஒரே எடை வைத்த தராசுபோல் நிற்கிறது. ஒரு தாமரையை அழித்தால் கோலம் சாய்ந்ததுபோல் தோன்றும். சாயாமல் நிற்பதற்குப் பெயர்தான் சமநிலை.

அப்படியானால், இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால்தான் சமநிலையா? இல்லை. பூங்காவில் சீசா பலகை ஆடுகிறார்கள். அப்பா நடுவை ஒட்டி உட்காருகிறார். குழந்தை மறுபக்கத்து நுனியில் உட்காருகிறது. பலகை சமமாக நிற்கிறது! எவ்வளவு பெரியது என்பது மட்டும் கணக்கல்ல. எங்கே இருக்கிறது என்பதும் கணக்கு.

இந்தக் கணக்கை நம் சிற்பிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். சாட்சி, மாமல்லபுரத்தில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் செதுக்கிய பெரும் பாறை. அர்ச்சுனன் தபசு என்பார்கள். பகீரதன் தவம் என்பாரும் உண்டு.

பாறையின் நடுவே ஒரு பிளவு. வலப்பக்கம், கீழே, நிஜ யானை அளவுக்குப் பெரிய யானைகள். இடப்பக்கம் அவ்வளவு பெரிய உருவம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சிற்பம் வலப்பக்கம் சாயவில்லை. ஏன்?

இடப்பக்கம், பிளவுக்கு அருகே, மேலே பாருங்கள். விலா எலும்பு தெரிய, கைகளைத் தலைக்குமேல் உயர்த்தி, ஒற்றைக் காலில் ஒருவர் தவம் செய்கிறார். பக்கத்தில் சிவபெருமான் நிற்கிறார். கீழே ஒரு சிறு கோவில். அதன் அருகே முனிவர்கள். இப்படிச் சின்னச் சின்ன உருவங்கள் சேர்ந்து யானைக்கு ஈடு கொடுக்கின்றன. அவற்றிலும் அந்த மெலிந்த உடல் கண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. இரு பக்கத்து உருவங்களும் பெரும்பாலும் பிளவை நோக்கியே திரும்பியிருக்கின்றன. அதனால் பார்ப்பவர் கண்ணும் நடுவுக்கே வந்து சேருகிறது.

நாம் என்ன செய்கிறோம்? யானைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம்; சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு பஸ் ஏறிவிடுகிறோம். தவம் செய்பவரைப் பார்க்காமலே திரும்புகிறவர்கள் எத்தனை பேர்!

அடுத்த முறை குழந்தைகளோடு போனால் ஒன்று செய்யுங்கள். சற்றுத் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி, உள்ளங்கையால் யானையை மறைத்துப் பாருங்கள். பிறகு இடப்பக்கத்தை மறைத்துப் பாருங்கள். சமநிலை என்றால் என்னவென்று குழந்தைக்குத் தானே விளங்கும்.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. தாளின் ஓரத்தில் குழந்தை ஒரு பெரிய மரம் வரைகிறது. எதிர்ப்பக்கத்து வானத்தில் ஒரே ஒரு காக்கை. உடனே நாம், "மரத்தை நடுவில் போடு" என்று அதட்டுகிறோம். வேண்டாம். வெற்று வானத்தில் தனியாகப் பறக்கும் காக்கைக்கும் கனம் உண்டு. குழந்தை தன் கண்ணால் நிறுத்துத்தான் அதை அங்கே வைத்திருக்கிறது.

அந்தத் தராசை நாம் உடைத்துவிடக் கூடாது.