பறைக்குப் பத்மஸ்ரீ, பறையடிப்பவருக்கு?

2025 குடியரசு நாளையொட்டி அறிவிக்கப்பட்ட பத்மஸ்ரீ பட்டியலில் மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானின் பெயர் இருந்தது. தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனும், புதுச்சேரி தவில் கலைஞர் தட்சிணாமூர்த்தியும் அதே பட்டியலில் இடம்பெற்றனர். 1954 முதல் வழங்கப்படும் பத்ம விருதுகளில் பறைக்கு ஓர் இடம் கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பறை மற்றக் கலைகளைப் போல அல்ல. அதன் மீது சாதி ஏற்றிய சுமை வேறு.

ஊரில் சாவு விழுந்தால் பறையடிக்க வேண்டும். ஊர்ச் செய்தியைத் தெருத்தெருவாகச் சாற்ற வேண்டும். திருவிழாவிலும் அடிக்க வேண்டும். ஆனால் அடித்தவர் கோயிலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். இதைக் கலை என்று யாரும் சொல்லவில்லை. ஊழியம் என்றார்கள். மறுத்தவர்களுக்கு அடியும் ஊர்விலக்கமும் கிடைத்தன. அதனால்தான் 'இனி அடிக்க மாட்டோம்' என்று பல சேரிகள் பறையைக் கீழே வைத்தன. தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியதே 2022 ஆகஸ்டில்தான்.

இன்னொரு பக்கம், தலித் கலை விழாக்கள் பறையை மேடைக்கு ஏற்றின. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையேந்தி ஆடினர். வேலு ஆசான் போன்றோரிடம் சாதி வேறுபாடின்றி மாணவர்கள் கற்றனர். பறையைக் கீழே வைத்தவர்களும் கையில் எடுத்தவர்களும் கேட்டது ஒன்றைத்தான்: மரியாதை.

விருதால் ஓர் ஆபத்தும் உண்டு. 'பறைக்கே பத்மஸ்ரீ கொடுத்துவிட்டார்கள், நீ ஏன் சாவுக்கு அடிக்க மறுக்கிறாய்?' என்று நாளை ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்கலாம். அதற்குப் பதில் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது; 23ஆவது பிரிவு கட்டாய வேலையைத் தடை செய்கிறது. பட்டியல் சாதியினரிடம் கட்டாய வேலை வாங்குவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். விரும்பினால் அடிப்பதும், விரும்பாவிட்டால் மறுப்பதும், அடித்தால் பேசிய கூலியை வாங்குவதும் கலைஞரின் உரிமை.

பத்மஸ்ரீயில் பதக்கமும் குடியரசுத் தலைவர் கையொப்பமிட்ட சான்றிதழும் உண்டு, பணம் கிடையாது. விருதுக்குத் தகுதியுள்ளவரை யாரும் பரிந்துரைக்கலாம்; தானே விண்ணப்பிக்கவும் தடையில்லை. அரசின் விருதுகள் இணையதளத்தில் 800 சொற்களுக்குள் அவரது பணியை எழுதிக் கொடுக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் பறையடித்த பெரியவருக்கு அந்த இணையதளம் தெரியாது. ஊரில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் யாரிடம் கற்றார், எத்தனை அடிகள் தெரியும், யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அவர் உறுப்பினரா என்றும் பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதற்கு விண்ணப்பம் போடுங்கள். விருது வராமல் போனாலும் உறுப்பினர் அட்டை அவருக்குப் பயன்படும்.