பழைய துப்பாக்கியும் ஒரு வட்டத் தோலும்



பி.எஸ்.ஏ. என்னும் மூன்றெழுத்தை அறியாத வீடு நம்மிடையே அரிது. சென்னையை அடுத்த அம்பத்தூரில் உருவான அந்த மிதிவண்டியில்தான் நம்மில் பலர் பள்ளிக்கும் சந்தைக்கும் சென்று வந்தோம். ஆயினும் அம்மூன்றெழுத்தின் விரிவு யாது என்று கேட்டால் பலரும் விழிப்பர். 'பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்' என்பதே அது. பர்மிங்ஹாம் சிறு படைக்கலத் தொழிற்சாலை என்று பொருள். 1861 இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துத் துப்பாக்கிக் கொல்லர் பதினால்வர் கூடித் தொடங்கிய நிறுவனம் அது. போர்த் துப்பாக்கி செய்த கைகளே 1880 முதல் மிதிவண்டித் தொழிலிலும், பின்னர் மோட்டார் சைக்கிளிலும் இறங்கின. இவற்றுக்கிடையே, 1905 வாக்கில், அங்கே பிறந்த மற்றொரு பொருளைப் பற்றியே இம்மாதம் உங்களோடு உரையாட விழைகிறேன்: காற்றுத் துப்பாக்கி.

கந்தூரி விழாக்களிலும் பொருட்காட்சிகளிலும் பலூன் சுடும் கடையை நீங்கள் கண்டிருப்பீர்கள். கடைக்காரர் துப்பாக்கிக் குழலை நடுவில் மடித்து, சிறு ஈயக் குண்டை இட்டு, மீண்டும் நிமிர்த்தித் தருவார். அதில் வெடிமருந்து கிடையாது. மடிக்கும்போது உள்ளே ஒரு சுருள்வில் இறுகுகிறது. விசையை இழுத்தவுடன் அவ்வில் விடுபட்டு, பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. பிஸ்டன் காற்றை நெருக்குகிறது. நெருங்கிய காற்று குண்டை உந்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை ஒரே வீச்சில் அழுத்தினால் எப்படியோ, அப்படி.

மடியும் குழலில் ஒரு குறை உண்டு. மூட்டுத் தேய்ந்தால் குழல் சற்றே தொய்யும்; குறி தவறும். பர்மிங்ஹாமில் லிங்கன் ஜெஃப்ரீஸ் என்ற துப்பாக்கி வினைஞர் இதற்கு மாற்றுக் கண்டு, 1904 இல் காப்புரிமை பெற்றார். அவருடைய அமைப்பில் குழல் அசையாது. அடியில் உள்ள நெம்புகோலை இழுத்தால் வில் இறுகும். குண்டு இடுவதற்கோ, நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் திருகைப் போன்ற துளையிட்ட ஓர் உருளை. அதைத் திருப்பினால் துளை மேல்நோக்கும். குண்டைப் போட்டு மீண்டும் திருப்பினால் துளை குழலோடு நேர்படும். இந்த அமைப்பை பி.எஸ்.ஏ. நிறுவனம் தன் ஸ்மால் ஹீத் ஆலையில் செய்யத் தொடங்கியது. சிற்சில மாறுதல்களோடு 1939 இல் இரண்டாம் உலகப் போர் மூளும் வரை அது தொடர்ந்தது. குழலின் அளவை முதலாம் எண், இரண்டாம் எண், மூன்றாம் எண் என வழங்கினர், முறையே 0.177, 0.22, 0.25 அங்குலம்.

அக்காலத்தில் இவை வெறும் விளையாட்டுப் பொருள்களாக இருக்கவில்லை. தென்னாப்பிரிக்கப் போயர் போர் (1899-1902) தம் மக்களின் குறிபார்க்கும் திறன் போதாது என்பதை ஆங்கிலேயருக்கு உணர்த்திற்று. ராபர்ட்ஸ் பிரபு முதலியோர் ஊர்தோறும் சுடும் கழகங்கள் வேண்டும் என்று வலியுறுத்தினர். தொழிலாளருக்கு வெடிமருந்துத் துப்பாக்கி எட்டாக்கனி; காற்றுத் துப்பாக்கி எட்டியது. பர்மிங்ஹாம் வட்டாரத்தில் 'மணி இலக்கு'ப் போட்டிகள் பெருகின. ஓர் இரும்புத் தட்டின் நடுவே அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு அகலமுள்ள துளை. அதன் பின்னே ஒரு மணி. ஆறேழு கஜத் தொலைவிலிருந்து சுட்ட குண்டு துளையினூடே நுழைந்தால் மணி ஒலிக்கும். நடுவருக்கும் சண்டைக்கும் வேலையில்லை. இப்போட்டிகள் பெரும்பாலும் மதுக்கடைகளில் நடந்தன. இடம் நமக்கு உகந்ததன்று. பகல் முழுதும் ஆலையில் உழைத்தவன் மாலையில் மூச்சை அடக்கிக் குறிபார்த்த நுட்பத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

1940 நவம்பர் 19 ஆம் நாள் இரவில் ஜெர்மானிய விமானங்கள் ஸ்மால் ஹீத் ஆலையைக் குண்டு வீசித் தாக்கின. பணியில் இருந்த ஐம்பத்து மூவர் உயிரிழந்தனர். நிறுவனமும் 1973 இல் சரிந்து துண்டு துண்டாயிற்று. ஆலையில் பெரும்பகுதி பின்னர் இடிக்கப்பட்டது. படைக்கலச் சாலை என்று பொருள்படும் தெருப்பெயர் அங்கே நிலைத்திருக்கிறது. முஸ்லிம் குடும்பங்கள் பெருந்தொகையாக வாழும் பகுதி இன்று அது.

அந்தப் பழைய துப்பாக்கிகளும் எஞ்சியிருக்கின்றன. இங்கிலாந்தில் தந்தையோ பாட்டனாரோ மறைந்தபின் பரணிலிருந்து இப்படி ஒன்று இறங்கும். மேலே பழுப்புத் துரு. கட்டையில் அழுக்கும் கீறலும். நெம்புகோலை இழுத்தால் வில் முனகும். விசையை இழுத்தால் குண்டு குழலைவிட்டு வெளியேறவே தயங்கும். பெற்றவர் உடனே செய்ய நினைப்பது யாது? துருவை உப்புத்தாள் கொண்டு தேய்த்தெடுத்து, இரும்புக்குப் புதிதாக நீலம் ஏற்றி, மரத்துக்கு வார்னிஷ் பூசி, பளபளவென்று சுவரில் மாட்டுவது. அன்பின் மிகுதியால் செய்யும் இந்தக் காரியமே அப்பொருளுக்கு நேரும் பெருங்கேடு என்பது தேர்ந்த சேகரிப்பாளரின் முடிவு. என் முடிவும் அதுவே.

ஏனெனில் தேய்க்கும்போது துரு மட்டும் போவதில்லை. சிலிண்டரின் மீது பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கும். வரிசை எண் மங்கும். எந்த ஆண்டு, எந்த வகை என்று அறிய உதவும் தடயங்கள் அழியும். ஐம்பது ஆண்டு ஒரே இடத்தில் கன்னம் பதித்துச் சுட்டவரால் கட்டையில் உண்டான மெருகும் போய்விடும். நீலம் மீண்டும் ஏற்றலாம். போன எழுத்து மீளாது. இதனால்தான், மங்கியிருந்தாலும் ஆலையில் இட்ட மெருகு மாறாத துப்பாக்கிக்கு அவர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். மேலே ஓடும் துருவை மிக மெல்லிய எஃகுப் பஞ்சில் எண்ணெய் தோய்த்து மெதுவாக எடுத்தால் போதும். அடியில் உள்ள பழுப்பை விட்டுவிட வேண்டும். கட்டையில் விழுந்த பள்ளத்துக்கு ஈரத்துணியை விரித்து அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை ஒரு கணம் வைத்தால், ஆவி புகுந்து மரநார் தானே எழும். இது நம் தச்சர்களும் அறிந்த வழிதான்.

பார்ப்பதற்குக் குறைவாகவும் இயங்குவதற்கு நிறைவாகவும் செய்வதே இக்கலை. இயங்குவதன் உயிர்நிலையோ பிஸ்டன் தலையில் உள்ள ஒரு வட்டத் தோல். கிண்ணம் போல் குழிந்த வாஷர் அது. காற்று நெருங்கும்போது அதன் விளிம்பு விரிந்து சிலிண்டர்ச் சுவரை அணைத்துக்கொள்ளும். காற்று பின்னே கசியாது. பல ஆண்டு முடங்கிக் கிடந்தால் தோல் வறண்டு சுருங்கும், பின்னர்ப் பொடியும். 'துப்பாக்கி செத்துவிட்டது' என்று ஒதுக்கப்பட்டவற்றில் பல, இந்தத் தோல் ஒன்று வறண்டதால் கிடந்தவையே. சில வேளைகளில் மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெயை நாலைந்து சொட்டு விட்டு ஓரிரு நாள் பொறுத்தால், தோல் ஊறித் தானே உயிர் பெறும். ஆகாதபோது புதிது செய்கிறார்கள்: தடித்த தோலை நனைத்து, சிலிண்டர் அளவுக்குக் கடைந்த அச்சில் அழுத்தி, உலரவிட்டு, விளிம்பை நறுக்கி, அதே எண்ணெயில் ஊறப்போடுவர். வாணியம்பாடி, ஆம்பூர் அன்பர்களுக்குத் தோலின் குணத்தை நான் விளக்கப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும்! பெட்ரோலிய எண்ணெய் மட்டும் அங்கே ஆகாது. நெருங்கிய காற்றின் சூட்டில் அது தீப்பற்றி வெடிக்கும். தோலும் வில்லும் ஒருங்கே கெடும்.

இதற்காகப் பிரிக்கும்போது இரண்டு எச்சரிக்கை. சுடாத நிலையிலும் வில் ஓரளவு அழுத்தத்தோடுதான் உள்ளே இருக்கும். தக்க பிடிப்புக் கருவியின்றித் திறந்தால் பாய்ந்து கண்ணைப் பறிக்கும். மற்றது, திருகாணிகள். அக்காலத் திருகாணியின் பிளவு மிகக் குறுகியது. கையில் கிடைத்த திருப்புளியைச் செருகித் திருகினால் பிளவின் உதடு கிழியும். பொறுமையுள்ளவர் ஒவ்வொரு திருகாணிக்கும் பொருந்துமாறு திருப்புளியின் முனையைத் தீட்டிக்கொள்கிறார். ஒரு துப்பாக்கி யார் யார் கையில் பட்டது என்பதை அதன் திருகாணித் தலைகளே காட்டிக்கொடுத்துவிடும்.

வெப்லி நிறுவனம் 1932 இல் கொணர்ந்த 'சர்வீஸ்' துப்பாக்கியையும் பலர் தேடுகின்றனர். அதில் குழலைக் கழற்றி வேறு அளவுக் குழலை மாட்டலாம். மூன்று குழலும் ஒருங்கே அமைந்தது கிடைத்தால் பெரும்பேறு. ஆயினும் முதன்முதலாக இத்துறையில் இறங்குவோருக்கு உறுப்புகள் குறைந்த பி.எஸ்.ஏ. வகையே ஏற்றது என்பேன்.

இங்கிலாந்தில் வாழும் நம் உறவினர் எவரேனும் இதில் நாட்டம் கொண்டால் சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். அங்கே 12 அடி-பவுண்டு விசைக்கு மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை; ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் உரிமம் கட்டாயம். பதினெட்டு வயது நிரம்பாதவர் வாங்க இயலாது. அவர்கள் கையில் எட்டாதவாறு வைப்பதும் உடையவரின் சட்டப் பொறுப்பு. ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவர எண்ணுவோர், முன்கூட்டியே சுங்கத் துறையிடம் கேட்டறியாமல் அவ்வாறு செய்ய வேண்டா.

இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். பழைய தோலை மாற்றியபின் அதனை எறிந்துவிடுவதில்லை, அந்த அன்பர்கள். ஒரு காகித உறையில் இட்டு, மாற்றிய நாளையும் மாற்றிய உறுப்புகளையும் எழுதி, துப்பாக்கியோடு சேர்த்து வைக்கிறார்கள். அடுத்து யார் அதைத் திறந்தாலும் எது ஆலையில் பிறந்தது, எது பின்னர் வந்தது என்று அறிந்துகொள்வார் அல்லவா?