தகுதியும் தயக்கமும்

உழைக்க அறிந்தவர் பலர். உழைப்புக்கேற்ற ஊதியத்தை நாட அறிந்தவர் சிலரே. உயர்ந்த பணியொன்று கண்ணிற்பட்டதும், ‘இதற்கு நான் தகுதியுடையவனோ?’ என்னும் ஐயம் பலர் உள்ளத்தில் எழுகின்றது. விண்ணப்பம் எழுதப்படாமலே நாள் கழிகின்றது. இத்தயக்கத்தை அடக்கம் என்று கருதுவது பிழையாகும். அடக்கம் ஆற்றலை மிகைப்படுத்தாது, மறைக்கவும் செய்யாது. தகுதியைக் காட்டுவது பணி நாடுவோர் கடமை. அதனை அளப்பது பணி தருவோர் கடமை.

கணித மேதை இராமானுஜன் 1912 ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். அவருடைய மாத ஊதியம் 30 ரூபாய். அவர் கல்லூரித் தேர்வில் தோல்வியுற்றவர், பட்டம் பெறாதவர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு மடல் வரைந்தபோது, தம் எளிய பணியையும் பல்கலைக்கழகக் கல்வி இன்மையையும் அவர் மறைத்தாரல்லர். அவற்றோடு தாம் கண்ட தேற்றங்களையும் எழுதி அனுப்பினார். அறிஞர் அவருடைய திறனை உணர்ந்தனர். அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் மாதந்தோறும் 75 ரூபாயை ஆராய்ச்சி உதவித்தொகையாக அவருக்கு வழங்கியது.

அத்தகைய மேதைமை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும், அவர் மேற்கொண்ட முறை எல்லார்க்கும் இயல்வதே. இல்லாததை ஒளியாது கூறுதல் வேண்டும். செய்ததைச் சான்றுடன் முன்வைத்தல் வேண்டும். தீர்ப்பை அறிந்தோரிடம் விடுதல் வேண்டும். மறுப்பு வரினும் இழப்பது அஞ்சற் செலவு ஒன்றே. கேளாதிருப்பவனோ, பிறர் மறுக்குமுன் தன்னைத் தானே மறுத்தவன் ஆகின்றான்.