இயந்திர மூட்டும் கமக்காரரின் அவசரமும்

கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணி போன்ற களப்போரக் கிராமங்களில், சிறுபோக மரக்கறித் தோட்டம் கிணற்றையும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் நம்பி நிற்பது. பயிர் வாடும் வேளையில் இயந்திரம் பழுதுற்றால், எப்படியாவது பூட்டி ஓடவிட எண்ணுதல் இயல்பே. ஆயினும், பூட்டிய இயந்திரம் மறுவாரமே எண்ணெய் கசிவதற்குப் பெரும்பாலும் இவ்வவசரமே காரணம். உதிரிப்பாகம் மட்டமென்று கடைக்காரரை ஏசுவது பல வேளைகளில் நியாயமன்று.

வழுவழுப்பாகத் தோன்றும் உலோகப் பரப்பிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. அவற்றை நிரப்புவதே காஸ்கற்றின் வேலை. ஒருமுறை நசுங்கியது மறுமுறை அவ்வாறு பொருந்தாது. பழையதையே இடுதல் சிக்கனமன்று. ஒட்டியிருக்கும் துணுக்குகளை மரச்சீவலால் அகற்றல் வேண்டும். கத்திமுனை அலுமினியத்தில் இடும் கீறல், பின்னர் எண்ணெய்க்கு வாய்க்காலாகும். பழைய இயந்திரங்களின் காஸ்கற்றிற் கல்நார் கலந்திருத்தல் கூடுமாதலால், உலரச் சுரண்டித் தூளை ஊதாது நனைத்தே எடுத்தல் வேண்டும்.

பசை மிகுந்தாற் கசிவு குறையும் என்பது நம்மவரிடையே வேரூன்றிய தவறான எண்ணம். உட்புறம் பிதுங்கிய பசை உதிர்ந்து எண்ணெய்த் துளையை அடைத்துவிடும். சில சதத்துப் பசையால் இயந்திரமே தேய்ந்தழியும். சிலிண்டர் மூடியின் காஸ்கற்றுக்கு, கைந்நூல் விதித்தாலன்றிப் பசை வேண்டா.

மரையாணிகளைக் குறுக்காக, மூன்று தவணைகளில் இறுக்குக. ஒருபுறத்தை முற்றாக இறுக்கிய பின் மறுபுறம் செல்வோர் மூடியைக் கோணச் செய்கின்றனர். கடற்காற்றில் துருவேறிய மரையில் விசை உராய்விற் கழியும்; சாவி இறுகியதாகக் காட்டும், மூட்டோ இறுகியிராது. மரையைத் துலக்கிய பின்னரே அளவு பொருள்படும்.

அவ்வளவைக் காட்டும் முறுக்குவிசைச் சாவி விலையுயர்ந்தது. ஆகவே, கமக்காரர் அமைப்பு ஒவ்வொன்றும் பொதுவில் ஒன்று வாங்குதல் வேண்டும். மண்வெட்டியையே இரவல் தரத் தயங்கும் ஊரில் இது நடக்குமோ என்று சிலர் நகைக்கலாம். 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டில், அட்டை காட்டி அளந்து பெற்ற பெற்றோலின் அருமையை உணர்ந்தோர் நகையார். காபுரேற்றர் மூட்டிற் காற்றுப் புகுந்தால் எரிகலவை கெட்டு இயந்திரம் சூடேறும், வலுவும் குன்றும்.

பம்பியின் உறிஞ்சு குழாய் மூட்டையும் மறத்தலாகாது. அங்கே நீர் வெளியே சொட்டாது. காற்று உள்ளே புகும். இயந்திரம் ஓடியும் நீர் ஏறாமை கண்டு, கிணறு வற்றியதென மயங்கி ஆழப்படுத்த ஆள் பேசுவோரும் உளர். கூலி பேசுமுன், அம்மூட்டில் எட்டணாப் பெறுமதியான இறப்பர் வளையத்தைப் பார்த்துவிடலாம். பெரும்போக அறுவடை முடியும் பெப்ரவரி, மார்ச் மாதங்களே இவற்றைக் கழற்றித் துலக்க ஏற்ற காலம்.